இயேசுவின் கதை பழைய தெய்வக் கதைகளின் நகலா?

கேள்வி இதுதான். எகிப்தின் ஹோரஸ், ரோமானியர்களின் மித்ராஸ், பிரிஜியாவின் (இன்றைய துருக்கி) அட்டிஸ், நம் கிருஷ்ணன் எல்லோரும் டிசம்பர் 25-இல் கன்னிக்குப் பிறந்தவர்கள், எல்லோருக்கும் 12 சீடர்கள், எல்லோரும் சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தவர்கள் என்று ஒரு பட்டியல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையா? ஆதிக் கிறிஸ்தவர்கள் பழைய கதைகளைக் காப்பியடித்தார்களா?

அந்தப் பட்டியலைச் சோதிக்க எகிப்து வரை போக வேண்டாம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் அதில் இருக்கிறாரே. கிருஷ்ணன் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. அப்புறம் கன்னி எங்கிருந்து வந்தாள்? பிறந்தது தேய்பிறை அஷ்டமி நடுராத்திரி. டிசம்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இறந்தது, மான் என்று நினைத்து ஜரன் என்ற வேடன் விட்ட அம்பு காலில் பட்டு. சிலுவையும் கிடையாது, மூன்றாம் நாளும் கிடையாது. கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டும் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். நமக்குத் தெரிந்த ஒரே வரியில் இவ்வளவு கோளாறு என்றால், தெரியாத வரிகளை எவ்வளவு நம்பலாம்?

இந்த மாதிரிப் பட்டியல்களுக்கு வயது நூறு வருடத்துக்கு மேல். சிலுவையில் அறையப்பட்ட 16 மீட்பர்கள் என்று ஒரு புத்தகமே 1875-இல் அமெரிக்காவில் வந்தது. அதன் கூற்றுகளுக்கு மூல நூல் ஆதாரம் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கிறிஸ்தவத்தை மறுப்பவர்களே, ஓரளவு படித்தவர்களாக இருந்தால், அதை மேற்கோள் காட்டக் கூச்சப்படுவார்கள்.

ஹோரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தகப்பன் ஒசிரிஸை செத் என்பவன் கொன்று துண்டு துண்டாக்கி வீசுகிறான். மனைவி ஐசிஸ் துண்டுகளைத் தேடிச் சேர்க்கிறாள். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் வடிவத்தில் ஆண்குறி மட்டும் கிடைப்பதில்லை, மீன் தின்றுவிடுகிறது. அவளே ஒன்றைச் செய்து வைக்கிறாள். எகிப்தியச் சுவர்ச் சிற்பங்களில் ஐசிஸ் பறவை உருவெடுத்துக் கணவனின் உடல்மேல் இறங்கிக் கருவுறுவது வெளிப்படையாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. இதைக் கன்னிப் பிறப்பு என்று சொல்ல நிறைய தைரியம் வேண்டும். ஹோரஸுக்கு 12 சீடர்கள் என்றோ, அவன் சிலுவையில் இறந்தான் என்றோ சொல்லும் எகிப்திய நூல் எதுவும் கிடையாது.

மித்ராஸ் பாறையிலிருந்து பிறந்தவன், அதுவும் கையில் கத்தியோடும் தீப்பந்தத்தோடும். அவன் இறந்ததாகக் கதையே இல்லை, இறந்தால்தானே உயிர்த்தெழ! அவன் காளையைக் கொல்லும் காட்சிதான் எல்லா மித்ராஸ் குகைக் கோயிலிலும் நடுநாயகம். (பெயரளவில் இவன் ரிக்வேதத்தின் மித்திரனுக்கு உறவுக்காரன். ஆனால் ரோமானியப் படைவீரர்கள் கும்பிட்ட மித்ராஸ் பெரும்பாலும் ரோமிலேயே உருவானவன்.) இந்த வழிபாட்டின் தொல்லியல் தடயங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. ஆதிக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் கடிதங்களும், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்குவின் சுவிசேஷமும் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டால் ஆண்டுக்கணக்கே காலை வாரிவிடும்.

சரி, பட்டியல் பொய். அதற்காக ஒற்றுமையே இல்லை என்று சாதிப்பதும் தப்புதான். ஒற்றுமை உண்டு என்று முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவர், அதுவும் அந்த மதத்துக்காகத் தலையைக் கொடுத்தவர்.

அவர் பெயர் ஜஸ்டின். இன்றைய நாப்லுஸ் நகரத்தில் பிறந்து, தத்துவம் படித்து, கிறிஸ்தவராகி, ரோமில் பாடம் நடத்தியவர். கி.பி. 150-களில் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் அவர் சொல்வதன் சாரம்: இயேசு ஆண்-பெண் சேர்க்கை இல்லாமல் பிறந்தார், சிலுவையில் அறையப்பட்டு இறந்தார், எழுந்தார், வானத்துக்கு ஏறினார் என்று நாங்கள் சொன்னால், ஜூபிட்டரின் மகன்கள் என்று நீங்கள் மதிப்பவர்களைப் பற்றி நீங்கள் நம்புவதிலிருந்து அது எந்த விதத்திலும் புதிதல்ல. அஸ்கிளீப்பியஸ் இடி தாக்கி இறந்து வானத்துக்குப் போகவில்லையா? பெர்சியூஸ் கன்னிக்குப் பிறக்கவில்லையா? நீங்கள் மட்டும் நம்பலாம், எங்களை மட்டும் கொல்வீர்களா?

வக்கீல் வாதம்தான். மரண தண்டனை தலைக்குமேல் தொங்கும்போது, நாங்கள் ஒன்றும் விநோதமானவர்கள் இல்லை என்று காட்டுவது அவருக்கு லாபம். அதனால் ஒற்றுமைகளைக் கொஞ்சம் இழுத்தும் பேசுகிறார். ஆனால் சில பக்கங்கள் தள்ளி அவருக்கே ஒரு சங்கடம் வருகிறது. இவ்வளவு ஒத்துப்போனால், எது அசல்? அதற்கு அவர் கண்டுபிடித்த பதில், பிசாசுகள். யூதத் தீர்க்கதரிசிகள் சொன்னதை முன்கூட்டியே கேட்ட பிசாசுகள், மக்களைக் குழப்புவதற்காகக் கிரேக்கர்களிடம் போலிக் கதைகளைப் பரப்பிவிட்டனவாம். மித்ராஸ் சடங்கில் அப்பமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து மந்திரம் சொல்வதும் கிறிஸ்தவர்களின் நற்கருணைச் சடங்கைப் பார்த்துப் பிசாசுகள் செய்த நகல் என்கிறார்.

இந்தப் பதிலைப் படித்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஒற்றுமையைக் கற்பனை என்று ஒதுக்க அவரால் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்ச காலத்தில் எதிரணியிலிருந்து கெல்சஸ் என்ற தத்துவவாதி இதையே கேலியாக எழுதினார். ஜீயஸ் கடவுளுக்குப் பிள்ளை பெற்ற டனாயியின் கதை, அந்தியோபேயின் கதை எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றனவே என்றார். அவருடைய நூல் அழிந்துபோனது. அதை மறுத்து ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கி.பி. 248 வாக்கில் வரிவரியாக மேற்கோள் காட்டி எழுதியதால்தான் கெல்சஸ் என்ன சொன்னார் என்பதே நமக்குத் தெரிகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கும் சண்டைக்கு 1800 வருடப் பழமை உண்டு.

அப்படியானால் உண்மையான ஒற்றுமை எங்கே இருக்கிறது? என் கருத்தில், மர்மக் குகைகளில் தேடுவதைவிடச் சந்தைக்கடையில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். அதாவது அரசாங்க அறிவிப்பிலும் நாணயத்திலும்.

இன்றைய துருக்கியில் இருக்கும் பிரீனே என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளான செப்டம்பர் 23-ஐ வருடப் பிறப்பாக மாற்றுவது பற்றிய ஆணை அது. அகஸ்டஸை மீட்பர் என்கிறது. அந்தக் கடவுளின் பிறப்புதான் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. நற்செய்தி என்பதற்கு அதில் உள்ள கிரேக்கச் சொல், சுவிசேஷங்களின் தலைப்பில் இருக்கும் அதே சொல்தான். அகஸ்டஸின் நாணயங்களில் ‘தெய்வத்தின் மகன்’ என்று பொறித்திருந்தது. கொல்லப்பட்ட ஜூலியஸ் சீசர் தெய்வமாக அறிவிக்கப்பட்டவர், இவர் அவருடைய சுவீகாரப் பிள்ளை.

இதைத் தெரிந்துகொண்டு லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அதிகாரம் அகஸ்டஸின் பெயரோடுதான் தொடங்குகிறது. குடிமதிப்பு எழுதச் சொல்லி அவர் கட்டளை போடுகிறார். பத்து வசனம் தள்ளி, மேய்ப்பர்களிடம் தூதன் வந்து, உங்களுக்கு நற்செய்தி, மீட்பர் பிறந்திருக்கிறார் என்கிறான். அன்றைக்கு இதைக் கேட்டவனுக்கு இந்தச் சொற்கள் யாருடையவை என்று தெரியும். இதைத் திருட்டு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அரண்மனைக்குச் சூட்டிய பட்டத்தைத் தெரிந்தே எடுத்து மாட்டுத் தொழுவத்தில் வைக்கிறார் லூக்கா. போட்டிப் பேச்சு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வானேற்றமும் அப்படித்தான். ரோமை நிறுவிய ரோமுலஸ் திடீரென மறைந்துபோக, புரோகுலஸ் என்பவர் அவர் வானத்திலிருந்து இறங்கி வந்து பேசியதாகச் சத்தியம் செய்தார் என்பது ரோமில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது, அவர் வானத்துக்கு ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு செனட்டர் சத்தியம் செய்தார். அவருக்கு அகஸ்டஸின் மனைவி லிவியா 10 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ கொஞ்சம் நக்கலாகவே எழுதிவைத்திருக்கிறார். ஜஸ்டினும் அந்தக் குத்தலை விடவில்லை. எரியும் சிதையிலிருந்து சீசர் மேலே போவதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய ஒருவரைப் பிடித்து வருகிறீர்களே என்கிறார்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கி.பி. 70-ஐ ஒட்டி வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் இருக்கிறார், அப்போதுதான் பேரரசராக அறிவிக்கப்பட்டவர். பார்வையில்லாத ஒருவன் வந்து, உங்கள் எச்சிலை என் கண்ணில் தடவுங்கள், செராபிஸ் தெய்வம் சொன்னது என்று கெஞ்சுகிறான். வெஸ்பாசியன் முதலில் சிரித்துத் தட்டிக்கழிக்கிறார். அப்புறம் மருத்துவர்களிடம் கேட்கிறார், இது நடக்கக் கூடியதா என்று. அவர்கள் சாமர்த்தியமாக, நடந்தால் பெருமை உங்களுக்கு, நடக்காவிட்டால் கேலி அவனுக்கு என்ற பொருளில் பதில் சொல்கிறார்கள். தடவுகிறார், பார்வை வருகிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை எழுதியிருக்கிறார். மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊரில் பார்வையற்றவனின் கண்ணில் இயேசு உமிழ்ந்து குணப்படுத்துகிறார். மாற்குவின் காலமும் ஏறத்தாழ அதே 70-தான். யார் யாரைப் பார்த்துச் செய்தது என்ற கேள்வியே இங்கே வேண்டாத கேள்வி. பெரிய மனிதரின் எச்சிலுக்குக் குணமாக்கும் சக்தி உண்டு என்பது அந்த உலகத்தின் பொது நம்பிக்கை.

பிறப்புக் கதைக்கு வருவோம். கிரேக்கக் கதைகளில் தெய்வம் ஏதாவது உருவத்தில் வந்து சேர்கிறது. டனாயியிடம் ஜீயஸ் பொன்மழையாக வருகிறான். அப்பல்லோ கோயிலில் தூங்கிய அத்தியாவிடம் பாம்பு வந்தது, பிறந்த பிள்ளை அகஸ்டஸ் என்று ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். பெரிய மனிதன் என்றால் தெய்வத் தகப்பன் வேண்டும் என்பது வழக்கம். லூக்காவில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பலம் ‘நிழலிடும்’ என்பதோடு தூதன் நிறுத்திக்கொள்கிறான். மத்தேயு சான்றாகக் காட்டுவது யூதத் தீர்க்கதரிசி ஏசாயாவின் ஒரு வசனம். எபிரேயத்தில் அங்கே இருப்பது இளம்பெண் என்ற பொருளுள்ள சொல், கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னி ஆனது. ஆக, கதையின் எலும்புக்கூடு யூத வேதத்திலிருந்து வருகிறது. அதைக் கேட்ட கிரேக்கர்கள் தங்களுக்குப் பழக்கமான சதையைப் போட்டுப் புரிந்துகொண்டார்கள்.

குழந்தையைக் கொல்லத் தேடும் அரசன் வேறு ரகம். ஏரோதுவுக்கு முன்னால் மோசேயின் பார்வோன் இருக்கிறான். நமக்குக் கம்சன். பாரசீகத்தின் சைரஸைக் கொல்லச் சொன்னவன் தாய்வழித் தாத்தா, ரோமுலஸை ஆற்றில் விடச் சொன்னவன் பாட்டனின் தம்பி. இவ்வளவு நாடுகளில் ஒரே கதை இருக்கும்போது யாரையும் திருடன் என்று பிடிக்க முடியாது.

இறந்து எழும் கடவுள்கள் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சுமேரியர்களின் இனன்னா பாதாளத்துக்கு இறங்கிப் போய்ப் பிணமாகி ஆணியில் தொங்குகிறாள். மூன்று பகல் மூன்று இரவு கழிந்தும் திரும்பாததால் பணிப்பெண் உதவி தேடி ஓடுகிறாள். உயிர்தரும் நீரால் இனன்னா எழுகிறாள். தன் இடத்துக்கு ஈடாக ஓர் ஆளைத் தர வேண்டும் என்பது நிபந்தனை. கணவன் துமுசியையே பிடித்துக் கொடுக்கிறாள். இவன்தான் பைபிளில் வரும் தம்மூஸ். எருசலேம் ஆலய வாசலிலேயே பெண்கள் உட்கார்ந்து அவனுக்காக அழுததைக் கண்டு எசேக்கியேல் தீர்க்கதரிசி மனம் வெதும்புகிறார். ஆக, இப்படிப்பட்ட கதைகள் யூதர்களுக்குத் தெரியாதவை அல்ல.

ஆனாலும் வேறுபாடு பெரிது. ஒசிரிஸ் எழுந்து வீட்டுக்கு வருவதில்லை, இறந்தோர் உலகத்தின் அரசனாக அங்கேயே இருந்துவிடுகிறான். துமுசி ஆண்டுதோறும் போய்வருகிறவன், பயிர்போல. பவுல் 50-களில் கொரிந்து சபைக்கு எழுதும்போது சொல்லும் உயிர்த்தெழுதல் பருவச் சுழற்சி இல்லை. ஒரே தடவை நடந்தது, உலக முடிவில் எல்லோருக்கும் நடக்கப்போவதன் முதல் தவணை. இந்த எதிர்பார்ப்பின் வேர் தானியேல் நூலின் கடைசி அதிகாரத்திலும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் அரசனின் கொடுமையில் மாண்ட யூதத் தியாகிகளின் கதையிலும் இருக்கிறது. வெட்டப்பட்ட கைகளைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்று அவர்களில் ஒருவன் சொல்கிறான். அந்த யூத நம்பிக்கைக்குள் பாரசீகத்தின் சரதுஷ்டிர மதம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இன்னும் ஓயாத விவாதம். இறுதித் தீர்ப்பு, பிசாசுக்கு ஒரு தனித் தலைவன், கடைசிக் காலத்து மீட்பன் எல்லாம் அங்கேயும் உண்டு. ஏரியில் குளிக்கும் கன்னியிடம் மீட்பன் பிறப்பான் என்ற கதைகூட உண்டு. ஆனால் அதை விரிவாகச் சொல்லும் நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கும் வடிவத்தில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

புதிய ஏற்பாட்டில் பழைய புராண வாடை அடர்த்தியாக அடிக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது அதன் கடைசி நூலான வெளிப்படுத்தலின் 12-ஆம் அதிகாரம். சூரியனை அணிந்த கர்ப்பிணி, பிள்ளையை விழுங்கக் காத்திருக்கும் வலுசர்ப்பம், கழுகுச் சிறகு பெற்று அவள் வனாந்தரத்துக்குத் தப்புவது. நிறைமாத லேட்டோவைப் பைத்தன் என்ற பாம்பு துரத்த, அவள் தப்பி அப்பல்லோவைப் பெற்ற கதை ஏஜியன் கடலோரத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த நூலும் அதே கடலின் பத்மு தீவில் இருந்தவருடையது. பட்டியல் தயாரிப்பவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பவுலும் இந்த உலகத்தில்தான் நடமாடினார். லீஸ்திரா ஊரில் ஒரு முடவன் நடந்ததும் ஊரார் அவரோடு வந்த பர்னபாவை ஜூபிட்டர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லிக் காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்துவிட்டார்கள். இருவரும் உடையைக் கிழித்துக்கொண்டு தடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஏதென்சில் பேசும்போது அதே பவுல், நாம் அவருடைய சந்ததி என்று உங்கள் புலவர்களே பாடியிருக்கிறார்களே என்கிறார். அரட்டஸ் என்ற புலவர் அதை ஜீயஸைப் பற்றிப் பாடினார்!

மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளுக்கு வந்தால் கலப்பு கண்ணுக்கே தெரியும். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் நல்ல மேய்ப்பன் ஓவியங்களைப் பாருங்கள். தாடியில்லாத இளைஞன், தோளில் ஆடு. கிரேக்கச் சிற்பிகள் நூற்றாண்டுகளாக ஹெர்மீஸ் தேவனை வடித்த அதே தோரணை. பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசி சுரைக்கொடியின் கீழ் படுத்திருப்பது, நிலாத் தேவதையின் காதலன் எண்டிமியன் படுத்திருக்கும் அதே படுக்கை. சிற்பிக்கு அந்த வார்ப்புதான் கை பழகியது. புனித பேதுரு பேராலயத்தின் அடியில் ஒரு சிறிய கல்லறையின் கூரையில், தலையில் கதிர்கள் வீச, வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரில் ஒருவர் ஏறிப்போகிறார். பார்த்தால் சூரிய தேவன் ஹீலியோஸ். பக்கத்திலேயே யோனாவும் மேய்ப்பனும் இருப்பதால், இது கிறிஸ்து என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எகிப்தில் ஹோரஸுக்குப் பால் கொடுக்கும் ஐசிஸின் உருவத்தையும், இயேசுவுக்குப் பால் கொடுக்கும் மரியாளின் உருவத்தையும் அருகருகே வைத்தால் விளக்கம் தேவைப்படாது. ஹோரஸ் சம்பந்தம் உண்மையில் இருப்பது இங்கே, சித்திரத்தில்.

செல்வாக்கு ஒருவழிப் பாதையும் இல்லை. 376-ஆம் ஆண்டின் ஒரு ரோமானியக் கல்வெட்டில், காளைப் பலிச் சடங்கு செய்துகொண்ட ஒருவர் நித்தியத்துக்கும் மறுபிறப்புப் பெற்றதாகப் பொறித்துக்கொண்டார். கிறிஸ்தவம் ஓங்கிவிட்ட காலத்தில் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? அதற்குச் சற்று முன்னால் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வங்களை மீட்க முயன்றபோது, கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நீங்களும் சத்திரம் கட்டுங்கள் என்று தன் பூசாரிகளுக்குக் கடிதம் எழுதினார்.

ஈஸ்டர் என்ற பெயர் இஷ்டார் என்ற பாபிலோனியத் தேவதையிடமிருந்து வந்தது என்று ஒரு படம் சுற்றுகிறதே, அதை ஒரே வரியில் முடிக்கலாம். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்தத் திருநாளின் பெயர் பாஸ்கா, யூதர்களின் பஸ்காவிலிருந்து வந்தது. ஈஸ்டர் என்பது இங்கிலாந்து, ஜெர்மனிப் பக்கத்துப் பெயர் மட்டும்.

கடைசியாக டிசம்பர் 25. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர், இயேசு பிறந்த நாள் பற்றி ஊரில் சொல்லப்படும் தேதிகளைத் தருகிறார். எல்லாம் ஏப்ரல், மே மாதங்கள். டிசம்பர் 25 அதில் இல்லை. பேரரசர் அவுரேலியன் 274-இல் ‘வெல்லப்படாத சூரியனுக்கு’ ரோமில் கோயில் எடுத்தார். 354-ஆம் ஆண்டின் ஒரு ரோமானிய நாட்காட்டியில் டிசம்பர் 25-க்கு நேரே வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள் என்று இருக்கிறது. அதே தொகுப்பில், 336 வாக்கில் எழுதப்பட்ட இன்னொரு பட்டியலில் அதே தேதிக்குப் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று இருக்கிறது. சூரிய விழாவைப் பார்த்துச் சபை தேதி வைத்தது என்பது ஒரு கட்சி. இயேசு இறந்த நாளாகக் கருதிய மார்ச் 25-லேயே கருவானார் என்று கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கணக்கும் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சூரிய விழா அதே நாளில் நடந்துகொண்டிருந்தபோது, அது யாருடைய மனசிலும் படவில்லை என்றால் நம்ப மாட்டேன். ஆர்மேனியர்கள் இன்றும் ஜனவரி 6-தான் கொண்டாடுகிறார்கள். மித்ராஸுக்கும் இந்தத் தேதிக்கும் நேரடிச் சான்று இல்லை. அவனுக்கும் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற பட்டம் இருந்ததால் வந்த குழப்பம் அது.

மனசில் பட்டது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் போப் முதலாம் லியோ இருக்கிறார். 440 முதல் 461 வரை போப்பாக இருந்தவர். கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில் தன் சபையாரைக் கடிந்துகொள்கிறார். புனித பேதுரு ஆலயத்தின் வாசல் அப்போது கிழக்குப் பார்த்து இருந்தது. விடியற்காலைப் பூசைக்கு வந்தவர்கள் படியேறி மேலே போனதும், உள்ளே நுழைவதற்கு முன் திரும்பி நின்று, எழும் சூரியனைத் தலைகுனிந்து கும்பிட்டுவிட்டு, அப்புறம் ஆலயத்துக்குள் போனார்களாம்.